பேச்சா? பெலனா?

வேதபாடம்: 1 கொரிந்தியர் 2:1-5, அப்போஸ்தலர் 2:37-41, 12:21-23, 18:24-28



சில வருஷங்களுக்கு முன்னே பூம்பாறைப் பக்கம் ஒரு கூடுகையில் செய்தி கொடுத்தேன். அன்றைக்கு வார்த்தை அருவி மாதிரி கொட்டியது. ஜனங்கள் அழுதார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை! மறுநாள் காலையில் பூண்டு வயலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வயதான தாயார் என்னைப் பார்த்து நின்றார்கள். "பாஸ்டர் ஐயா, நேத்து ரொம்ப நல்லா பேசினீங்க. அப்படி அழுதேன். ஆனா எதுக்கு அழுதேன்னுதான் ஞாபகம் வரல" என்றார்கள். கள்ளமில்லாமல் சொன்ன வார்த்தை. கொடைக்கானலுக்கு பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அது என் இருதயத்தைக் குத்தியது.

1. பேச்சுக்கு வல்லமை உண்டு

நம் தமிழ் ஜனங்களுக்குப் பேச்சு என்றால் உயிர். 1967-ல் அண்ணாதுரை ஆட்சிக்கு வந்ததில் மேடைப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்கு வெகு முன்னே யாழ்ப்பாணத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தவர். பீட்டர் பெர்சிவல் ஐயரோடு வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். மிஷனெரிமார் பிரசங்கித்த முறையை அறிந்திருந்த அவர், 1847 டிசம்பர் 31-ம் தேதி வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாருங்கள், முறையை யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆவியானவரையோ கற்றுக்கொள்ள முடியாது, பெற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

2. பேச்சு கண்ணியாகவும் மாறும்

ஏரோது ராஜவஸ்திரம் தரித்துப் பேசினான். இது மனுஷ சத்தமல்ல, தெய்வத்தின் சத்தம் என்று ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். அந்த மகிமையை அவன் தனக்கே வைத்துக்கொண்டான். முடிவு? புழுப்புழுத்துச் செத்தான். ஊழியக்காரரே, கைதட்டல் நமக்கு வேண்டாம்.

3. பேச்சு தாழ்மைக்குள் வரவேண்டும்

அப்பொல்லோ சாதுரியவான், வேதத்திலும் வல்லவன். ஆனாலும் அவன் அறிந்தது யோவானின் ஸ்நானம் மாத்திரமே. கூடாரம் செய்கிற ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைச் சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள். "எனக்கேவா?" என்று அவன் முறுக்கிக்கொள்ளவில்லை. அதன்பின் அகாயாவிலிருந்த விசுவாசிகளுக்கு அவன் மிகுந்த உதவியாயிருந்தான். நாவன்மையைத் தேவன் தள்ளுகிறதில்லை. அதை உடைத்து உபயோகிக்கிறார்.

4. எப்படி நிதானிப்பது?

ஏரோதைக் கேட்டவர்கள் ஏரோதைப் புகழ்ந்தார்கள். பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவைக் கேட்டவர்களோ பேதுருவைப் புகழவில்லை. இருதயத்தில் குத்தப்பட்டு, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். அன்று ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்க்கப்பட்டார்கள். பேசியவர் ஒரு மீன்பிடிக்கிறவர்!

அடுத்த முறை அதே ஊருக்கு உபவாசித்துப் போனேன். சகேயுவைப் பற்றி எளிமையாகப் பேசினேன். ஒருவரும் அழவில்லை. கூட்டம் முடிந்தபின் ஒரு சகோதரன் மெதுவாக வந்து, "அண்ணன்கிட்ட வாங்கின பணத்தை நாலு வருஷமா இல்லேன்னு சாதிச்சிட்டேன் ஐயா. நான் இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் பெலன் எதுவென்று எனக்கு விளங்கியது.

பிரியமானவர்களே, இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகும்போது, "பாஸ்டர் நல்லா பேசினார்" என்று சொல்லாதிருங்கள். "ஆண்டவரே, நான் என்ன செய்யவேண்டும்?" என்று கேளுங்கள். பேசுகிற எங்களுக்காகவும் ஜெபியுங்கள். ஆமென். அல்லேலூயா!