புதிதாக ஓடத் தொடங்குவோரும் எலும்பின் இயல்பும்

மகாராஷ்டிர மாநிலத்தில், புனே நகரையடுத்த பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் எல்லைக்குள் நிக்டி என்னும் பகுதி அமைந்துள்ளது. அங்குள்ள துர்கா டேக்டி ஒரு சிறு குன்று. டேக்டி என்னும் மராத்திச் சொல்லுக்குக் குன்று என்பதே பொருள். இக்குன்றின் பூங்காவிற்குக் காலை வேளையில் நடப்பதற்கும் ஓடுவதற்கும் மக்கள் வருகின்றனர். ஆயினும், இங்கு மட்டுமன்றி எவ்விடத்தும், புதிதாக ஓடத் தொடங்குவோரிற் பலர் சில வாரங்களிலேயே அப்பழக்கத்தைக் கைவிட்டு விடுகின்றனர். மனவுறுதிக் குறைவே இதற்குக் காரணமெனக் கருதுவது பொருந்தாது. பெரும்பாலும் கால் வலியே அவர்களைத் தடுத்து விடுகிறது. அவ்வலி தோன்றும் காரணத்தை இங்கு ஆராய்வோம்.

உடலின் உறுப்புகள் யாவும் பயிற்சிக்கு ஒரே வேகத்தில் பழகுவதில்லை. ஓடத் தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தைச் செலுத்த வல்லதாகிறது. மூச்சிரைப்பு குறைகிறது. ஓடுபவர், தாம் நன்கு பழகி விட்டதாக எண்ணித் தூரத்தையும் வேகத்தையும் கூட்டுகிறார். ஆனால் தசைகளை எலும்புடன் பிணைக்கும் தசைநாண்களும் எலும்புகளும் வலுப்பெறப் பல மாதங்கள் தேவைப்படும்.

எலும்பு உயிருள்ள பொருளாகும். புதிய சுமை ஏற்படும்போது, சிதைவுற்ற பகுதியை ஒருவகை உயிரணுக்கள் முதலில் அரித்து அகற்றுகின்றன. இதற்குச் சுமார் மூன்று வாரங்கள் ஆகும். பின்னர் வேறுவகை உயிரணுக்கள் அவ்விடத்தில் புதிய எலும்பை உருவாக்குகின்றன; இதற்கு மூன்று மாதங்கள் வரை ஆகும். எனவே, மூச்சு எளிதாகிவிட்ட மூன்றாவது, நான்காவது வாரங்களில் எலும்பின் சில பகுதிகள் முன்னிருந்ததை விடச் சற்று நலிந்திருத்தல் கூடும்.

1855-ஆம் ஆண்டில், பிரஷ்ய நாட்டு இராணுவ மருத்துவரான பிரைத்தௌப்ட் என்பவர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த போர்வீரர்களின் பாதங்களில் வலியும் வீக்கமும் தோன்றியதை விவரித்தார். எக்ஸ்-கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்ட பின், 1897-ஆம் ஆண்டில், அது எலும்பில் ஏற்பட்ட நுண்முறிவே எனத் தெளிவாயிற்று. புதிதாகப் படையிற் சேர்ந்தோருக்குப் பயிற்சியின் தொடக்க வாரங்களில் இது நேர்வதுண்டு.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் பாதம், உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசையைத் தாங்குகிறது. நிமிடத்திற்கு 150 அடிகள் வீதம் பத்து நிமிடங்கள் ஓடினால், இவ்வாறு 1,500 முறை நிகழும். ஆதலால் பின்வரும் முறை ஏற்றதாகும். வாரத்திற்கு மூன்று நாட்கள், இடையே ஒரு நாளேனும் ஓய்வு விட்டு, ஒரு நிமிடம் ஓட்டமும் இரண்டு நிமிடங்கள் நடையுமாகப் பத்துச் சுற்றுகள் செய்க. எளிதாகத் தோன்றினும் நான்கு வாரங்கள் வரை இதனைக் கூட்டலாகாது. ஐந்தாம் வாரம் முதல் இரண்டு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாக ஏழு சுற்றுகள். ஏழாம் வாரம் முதல் மூன்று நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாக ஆறு சுற்றுகள். அதன் பின்னர் நடையைப் படிப்படியாகக் குறைக்கலாம். ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச இயலுமாயின் வேகம் அளவானது என அறிக.

குன்றின் சரிவு தொடக்கத்திற்கு ஏற்றதன்று. இறங்கும்போது உடலைத் தடுத்து நிறுத்தும் சுமை தொடைத் தசைகளின் மீது விழுகிறது. முதல் மாதங்களில் குன்றில் நடந்து, சமதரையில் ஓடுவதே நன்று. நெடுநாள் விடுமுறைக்குப் பின் மாணவர்களை முதல் நாளிலேயே பல சுற்றுகள் ஓடச் செய்வதையும் ஆசிரியர்கள் தவிர்த்தல் வேண்டும்.

தசைகளில் பரவலாகத் தோன்றும் வலி இரண்டு மூன்று நாட்களில் நீங்கி விடும். ஆனால் முன்கால் எலும்பிலோ பாதத்திலோ, விரலால் அழுத்திக் காட்டத்தக்க ஓரிடத்தில் வலி நிலைத்திருப்பின், ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை அணுகுதல் வேண்டும். மார்பில் வலியோ மயக்கமோ தோன்றினால் உடனே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவ உதவி பெறுதல் வேண்டும். இதயநோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரின் அறிவுரை பெற்ற பின்னரே ஓட்டத்தைத் தொடங்குதல் தக்கது.