பழைய காருக்கு இன்ஜெக்ஷன் இன்ஜின்: முன்பணம் கொடுக்கும் முன்



நம் மஹல்லாவில் இன்னும் சில வீட்டு வாசல்களில் பழைய மாருதி 800 நிற்கிறது. பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் அது போதும். ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது, மேட்டில் இழுவை இல்லை, பெட்ரோல் வாடை வருகிறது. "கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு எம்.பி.எஃப்.ஐ. போட்டுவிடலாம் பாய்" என்கிறார் மெக்கானிக். செய்யலாமா என்று நம்மிடம் கேட்பவர்களுக்காக இந்தப் பாடம்.

முதலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். கார்புரேட்டரில் இன்ஜின் இழுக்கும் காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாக விரைகிறது. அங்கே அழுத்தம் குறைவதால், சிறு கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் 'ஜெட்' என்னும் நுண்துளை வழியாக உறிஞ்சப்படுகிறது. துளையின் அளவு மாறாது. இன்ஜெக்ஷனில் இந்தக் கணக்கை இ.சி.யூ. என்னும் சிறு கம்ப்யூட்டர் போடுகிறது. காற்றின் அழுத்தம், இன்ஜின் சூடு, த்ராட்டிலின் நிலை, சுழலும் வேகம் ஆகியவற்றைச் சென்சார்கள் சொல்லச் சொல்ல, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று அது முடிவு செய்கிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் தரும் தகவலைக் கொண்டு தன்னைத் திருத்தியும் கொள்கிறது.

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய ஜெட்டில் கலவை மெலிந்துவிடும். பழைய ரப்பர் ஹோஸ்களும் டயாப்ரமும் கெடும். ஆகவே மாற்றும் எண்ணம் வருவது நியாயமே.

டெல்லி வட்டாரத்தில் யூரோ விதிகளை விரைவுபடுத்தி உச்ச நீதிமன்றம் 1999இல் உத்தரவிட்டது. அதையொட்டிய காலத்தில்தான் மாருதி 800க்கும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. அதனால் அதே மாடல் காரின் பழைய உதிரிகள் கிடைக்கின்றன. ஆனால் இன்ஜினை மட்டும் வாங்கினால் போதாது. அதன் இ.சி.யூ., வயரிங் முழுவதும், சென்சார்கள், டாங்க்குக்குள் இருக்கும் மின்சார பம்ப், பெட்ரோல் குழாய்கள், புகைக்குழாய் என எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒரு தொகுப்பாக வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் வண்டி தடுமாறும்.

ஆபத்து பெட்ரோல் குழாயில்தான் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டியின் பம்ப் தருவது கால் பார் அளவு அழுத்தம். இன்ஜெக்ஷனுக்கு ஏறக்குறைய 3 பார் வேண்டும். பழைய ஹோஸையும் சாதாரண கிளிப்பையும் அப்படியே விட்டால், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சும். இன்னொன்று: இன்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்க வேண்டும். இதை இ.சி.யூ. ஒரு ரிலே மூலம் கவனிக்கிறது. வேலையைச் சுருக்க, பம்ப்பை நேராகச் சாவி வயரில் இணைத்துவிடுவோர் உண்டு. அப்படிப்பட்ட வண்டி விபத்தில் சிக்கி இன்ஜின் நின்றாலும், பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே நம் பிள்ளைகள் இருப்பார்கள்.

அடுத்தது சட்டம். தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இன்ஜின் மாறினால் இன்ஜின் எண்ணும் மாறும். ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து முன் அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். அனுமதி இல்லை என்றால் அத்துடன் விட்டுவிட வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மறைத்தால், விபத்து நேரும் நாளில் இழப்பீடே கேள்விக்குறியாகும்.

முன்பணம் கொடுக்கும் முன் மெக்கானிக்கிடம் கேளுங்கள்:

1. உதிரிகள் ஒரே வண்டியிலிருந்து வந்தவையா? அந்த வண்டியின் ஆர்.சி. நகலும் பில்லும் கிடைக்குமா?
2. டாங்க்கும் குழாய்களும் மாறுமா?
3. பம்ப் ரிலே இ.சி.யூ. வழியாக இயங்குமா?
4. ஸ்கேனர் வைத்துச் சரிபார்த்துத் தருவீர்களா?
5. மொத்தச் செலவை எழுதித் தருவீர்களா?

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கம்ப்ரஷன் சோதனை செய்துகொள்ளுங்கள். கம்ப்ரஷன் சரியாக இருந்தால், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து புதிய கிட் போட்டு, எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், ஃபில்டர், பிளக் மாற்றி, டைமிங் பார்த்தாலே பெரும்பாலான தொல்லைகள் தீரும். கம்ப்ரஷன் இறங்கியிருந்தால் கோளாறு இன்ஜினில் இருக்கிறது. கார்புரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மொத்தச் செலவு பழைய காரின் விலையையே தொடுமானால், அந்தப் பணத்தை முதலாகப் போட்டு, ஆர்.சி. சரியாக உள்ள இன்ஜெக்ஷன் காராகவே பார்த்து வாங்குவது நல்லது. வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுங்கள்.