மெய்யாய்த் தேடுவோம், மெய்யாய்த் தொழுவோம்



ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒருவர் உங்களை மறித்து, "இன்று கோயிலிலே கடவுளைத் தேடினீர்களா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? "பூசை கண்டேன்" என்று சொல்லலாம். "நன்மை எடுத்தேன்" என்றும் சொல்லலாம். இரண்டும் நல்ல பதில்களே. ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு அவை பதிலாகா. கோயிலுக்குப் போவது கால்களின் வேலை. கடவுளைத் தேடுவது உள்ளத்தின் வேலை. கால்கள் போன இடத்துக்கு உள்ளமும் போயிற்றா என்பதே இன்று நாம் படிக்க எடுத்துக்கொண்ட பாடம்.

1. கிணற்றடியில் எழுந்த கேள்வி

அருளப்பர் (யோவான்) நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுச் சுற்றில் முதலாம் ஆண்டின் தவக்கால மூன்றாம் ஞாயிறன்று நாம் கேட்கும் வாசகம் அது. நடுப்பகல் வேளை. வழிநடந்து களைத்த இயேசு சிக்கார் ஊரருகே, யாக்கோபின் கிணற்றடியில் அமர்ந்திருக்கிறார். தண்ணீர் அள்ள ஒரு சமாரியப் பெண் வருகிறாள். அவர் அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார்.

கிணறு, குடம், தாகம், வெயில் ஆகியவற்றை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. கிணற்றடிக்குப் பெண்கள் வரும் நேரம் காலையும் மாலையும்தான் என்பதையும் நாம் அறிவோம். இவளோ உச்சி வெயிலில் வருகிறாள். ஊர்ப் பெண்களின் கண்ணில் படாமலிருக்கவே அந்நேரம் வந்தாள் என்று பலர் விளக்கம் கூறுவர். நற்செய்தி அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. அவளுக்கு ஐந்து கணவர்கள் இருந்தார்கள் என்று சொல்லும் ஆண்டவர், அதற்காக அவளை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவுமில்லை. அவளுடைய வாழ்வு முழுவதும் தமக்குத் தெரியும் என்பதை மட்டும் காட்டுகிறார்.

உடனே பேச்சு எங்கே திரும்புகிறது என்று கவனியுங்கள். "எங்கள் முன்னோர் இந்த மலையில் தொழுதார்கள், நீங்களோ எருசலேம் என்கிறீர்கள்" என்ற பொருள்பட அவள் கேட்கிறாள். அது வீண் கேள்வியல்ல. கெரிசிம் மலையிலிருந்த சமாரியரின் ஆலயத்தைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூத ஆட்சியாளன் யோவான் ஹிர்க்கானுஸ் அழித்திருந்தான். அந்தக் காயம் ஆறவில்லை. ஆயினும் தன் வாழ்வைப் பற்றிய பேச்சு எழுந்த வேளையில் அவள் கோயிலைப் பற்றிய பேச்சுக்குத் தாவிவிட்டாள் என்பதும் உண்மை. நாமும் இதையே செய்வதில்லையா? வாழ்வைத் தொட்டால் வழிபாட்டைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம்.

2. ஆவியிலும் உண்மையிலும்

ஆண்டவரின் மறுமொழி இந்தப் பாடத்தின் நடுநாயகம். இம்மலையா எருசலேமா என்ற வழக்கு முடிவுக்கு வரும் நேரம் வந்துவிட்டது என்கிறார். மெய்யாய்த் தொழுவோர் தந்தையை ஆவியிலும் உண்மையிலும் தொழுவர் என்றும், அப்படிப்பட்டவர்களைத் தந்தையே தேடுகிறார் என்றும் கூறுகிறார்.

இங்கே இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது, தேடுகிறவர் தந்தை. நாம் அவரைத் தேடப் புறப்படுமுன் அவர் நம்மைத் தேடிப் புறப்பட்டுவிட்டார். கிணற்றடியில் முதலில் வந்து அமர்ந்தவரும் அவரே. முதலில் பேசியவரும் அவரே. ஆகவே இறைவனைத் தேடுதல் என்பது காணாமற்போன ஒரு பொருளைத் தேடுவது போன்றதல்ல. அது நம்மைத் தேடி வருகிறவருக்கு முகங்கொடுப்பதாகும்.

இரண்டாவது, "உண்மை" என்ற சொல். நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் இதற்கு "அலேதேயா" என்ற சொல் வருகிறது. மறைக்கப்படாதது என்பது அதன் வேர்ப்பொருள் என்று சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். அருளப்பர் இச்சொல்லை ஆழ்ந்த பொருளில் ஆளுகிறார்; கிறிஸ்துவே அந்த உண்மை. அவருக்கு முன்னால் ஒன்றையும் ஒளிக்காமல் நிற்பவனே உண்மையில் தொழுகிறான். சமாரியப் பெண் இறுதியில் செய்ததும் அதுதான். குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடி, தன் வாழ்வையெல்லாம் சொன்ன ஒருவரை வந்து பாருங்கள் என்று அறிவித்தாள். ஒளிக்க நினைத்திருக்கக்கூடிய வாழ்வே அவள் வாயில் சாட்சியமாயிற்று.

3. பாதி மனத்தோடு தேடியவர்

புனித அகுஸ்தீனாரின் வாழ்வு இதற்கு நல்ல விளக்கம். 354இல் வட ஆபிரிக்காவின் தகாஸ்தே என்ற ஊரில் பிறந்தவர். கூரிய அறிவு படைத்தவர். சுமார் ஒன்பது ஆண்டுகள் மணிக்கேய மதத்தாரோடு சேர்ந்து உண்மையைத் தேடினார். நூல்களில் தேடினார், அறிஞர்களிடம் தேடினார். ஆனால் தூய வாழ்வைத் தரும்படி இளமையில் தாம் மன்றாடியபோதே, உடனே தந்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டதாக அவரே தமது "அறிக்கைகள்" என்ற நூலில் ஒப்புக்கொள்கிறார்.

பாருங்கள், அவர் செபிக்காதவர் அல்லர். ஒரு கையால் கதவைத் தட்டிக்கொண்டு மறு கையால் அதை இழுத்துப் பூட்டியவர். 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் அந்த இழுபறி கண்ணீரில் முடிந்தது. 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா இரவில் ஆயர் அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றார். நெடுங்காலம் அழுது மன்றாடிய தாய் மோனிக்கா அதைக் கண்டு மகிழ்ந்தார். கடவுள் தொலைவில் இருந்ததனால் அல்ல, தாமே தம்மைவிட்டு வெளியே அலைந்ததனால்தான் காலம் தாழ்ந்தது என்பதே பின்னாளில் அவர் கண்டறிந்த உண்மை.

4. கோயிலும் குருவும் இல்லாத காலம்

நமது மண்ணிலும் இதற்குச் சாட்சிகள் உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர், கோயில்கள் பறிபோயின. 1687இல் புனித யோசப் வாஸ் அடிகள் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நம் முன்னோருக்கு நிலையான மேய்ப்பர் இல்லை. ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்த அடிகள் கழுத்திலே செபமாலையை அணிந்து வீடு வீடாய்ப் பிச்சை கேட்டுச் சென்றார் என்றும், அதைக் கண்டவர்களின் முகக்குறிப்பைக் கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார் என்றும் வரலாறு கூறுகிறது. பின்பு சில்லாலையில் தங்கி இரவு வேளைகளில் பூசை ஒப்புக்கொடுத்தார். 1711 சனவரி 16இல் கண்டியில் இறைவனடி சேர்ந்த அவரை 2015 சனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தார்.

சற்றுச் சிந்தியுங்கள். அந்த முப்பது ஆண்டுகளில் கொடியேற்றமில்லை, கூடு சுற்றுதலில்லை, பாடகர் குழுவில்லை. திருநாளில் உடுத்திய சேலையைப் பார்க்க ஆளில்லை. பிறர் பார்த்தால் ஆபத்து என்ற நிலையில் தொழுதவர்களுக்குப் பிறர் பார்க்கவேண்டும் என்ற ஆசை எப்படி வரும்? அவர்களது வழிபாட்டில் எஞ்சியிருந்தது கடவுள் மட்டுமே.

நம்மிற் பலருக்கும் அந்த அனுபவம் சிறிதளவு கிடைத்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது மரநிழலிலும் ஓலைக் கொட்டிலிலும் பூசை கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று செபித்ததுபோல் பின்பு ஒருநாளும் செபித்ததில்லை என்று சொல்வோரைக் கேட்டிருக்கிறேன். முழு உள்ளத்தோடு தேடுவோர் தம்மைக் கண்டடைவர் என்ற வாக்கை எரேமியாஸ் இறைவாக்கினர் வழியாக ஆண்டவர் அனுப்பியதும் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட மக்களுக்கே (எரே. 29). ஆலயத்தை இழந்தவர்களுக்குத்தான் அந்தக் கடிதம் எழுதப்பட்டது.

5. காணி விஷயமும் கோயில் விஷயமும்

இனி என் சொந்தக் குறை ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பங்கில் பணியாற்றினேன். ஊர் பேர் வேண்டாம். அங்கே அண்ணன் தம்பி இருவருக்கு ஒரு பங்குக் கிணறு. உறுதியில் இருவருக்கும் சரிபாதி. இறைப்பு முறையில் தொடங்கிய வாய்த்தர்க்கம் வளர்ந்து, அண்ணன் கிணற்றடிக்குப் போகும் கடப்பைக் கதியால் நட்டு அடைத்துவிட்டார். மூன்று ஆண்டுகளாகப் பேச்சில்லை. இருவர் குடும்பமும் ஒரே பூசைக்கு வரும். இரண்டு பக்கமாய் இருக்கும்.

திருநாளுக்கு இரு மாதங்கள் இருக்க அண்ணன் என்னிடம் வந்தார். நவநாளில் ஒருநாள் உபயத்தைத் தாம் ஏற்பதாகவும், மகனின் பயணம் கைகூடவேண்டும் என்றும் சொல்லிப் பணத்தைத் தந்தார். நானும் வாங்கிக்கொண்டேன். கிணற்றுக் கதை எனக்குத் தெரியாததல்ல. கேட்கவில்லை. கேட்டால் உபயம் போய்விடும் என்று ஒரு மூலையில் எண்ணினேன் என்பதை இப்போது மறைக்க விரும்பவில்லை.

அது தவக்காலம். அடுத்த ஞாயிறு சமாரியப் பெண்ணைப் பற்றிப் பிரசங்கம் வைத்தேன். நன்றாய் இருந்தது என்று சிலர் சொன்னார்கள். மறுநாள் மத்தியானம் நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொடுத்துவிட்டுச் சைக்கிளில் திரும்புகையில், தம்பியின் மனைவி தெருக்கோடிப் பொதுக்கிணற்றிலிருந்து குடத்தோடு வருவதைக் கண்டேன். "ஏன் பிள்ளை இந்த வெயிலுக்குள்ளே?" என்று கேட்டேன். "இந்த நேரம்தான் சுவாமி ஒருத்தரும் நிற்கமாட்டினம்" என்றாள். நேற்று நான் பிரசங்கித்த நற்செய்தி குடம் சுமந்து என் முன்னே நின்றது. பிரசங்கித்த எனக்குத்தான் அதைக் காணக் கண்ணில்லாமற் போயிருந்தது.

அன்று மாலையே அண்ணனிடம் போனேன். பணத்தை மேசையில் வைத்து, முதலில் கடப்பைத் திறவுங்கள் என்றேன். அவர் முகம் சிவந்தது. "சுவாமி, அது காணி விஷயம். இது கோயில் விஷயம். இரண்டையும் குழப்பாதேயுங்கோ" என்றார். பணத்தை எடுத்துக்கொண்டார். மூன்று ஞாயிறு கோயிலுக்கு வரவில்லை. நான் தவறிவிட்டேனோ என்று கலங்கினேன்.

பெரிய சனிக்கிழமை காலை அந்தப் பக்கம் போனபோது கதியால்கள் பிடுங்கப்பட்டு வேலியோரம் கிடந்தன. அவர் எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சகோதரர் இருவரும் கட்டித்தழுவி அழுததாகவும் கேள்விப்படவில்லை. அன்றிரவு பாஸ்காப் பூசையில் அவர் கடைசி வாங்கில் இருந்தார். தம்பியின் மனைவி மறுநாளிலிருந்து காலையில் தண்ணீர் அள்ளினாள். அந்த உபயப் பணம் திரும்ப வரவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் சொன்ன வாக்கியத்தை நாம் எல்லாரும் எங்கோ ஓரிடத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். காணி விஷயம் வேறு, சீதன விஷயம் வேறு, சாதி விஷயம் வேறு, கோயில் விஷயம் வேறு. ஆண்டவரோ இவற்றைப் பிரிக்கவில்லை. பலிபீடத்தருகே நிற்கையில் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு என்கிறார் (மத். 5). நமக்கு அவன்மேல் கோபம் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நீதியில்லாத இடத்திலிருந்து வரும் திருநாட்களும் பாடல்களும் தமக்கு அருவருப்பு என்று ஆமோஸ் வழியாக அவர் சொன்னதும் இதனாலேயே (ஆமோஸ் 5).

அப்படியானால் வெளிச்சடங்குகள் வேண்டாமா? அப்படியல்ல. மனிதன் உடலும் ஆன்மாவுமானவன். முழந்தாளிடாத உள்ளம் விரைவில் செபிக்கவும் மறந்துவிடும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனத்தில், விசுவாசிகள் அறிவோடும் முழுமையாகவும் செயலூக்கத்தோடும் வழிபாட்டில் பங்குபற்ற வேண்டும் என்று விரும்பியது. சடங்குகள் குறையவேண்டும் என்பதல்ல, அவற்றிற்குள் நாம் இருக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

6. இனிச் செய்யவேண்டியவை

முதலாவது, சனிக்கிழமை இரவு குடும்ப செபத்தின்போது ஞாயிறு நற்செய்தியைப் பிள்ளைகளில் ஒருவர் வாசிக்கட்டும்.

இரண்டாவது, நாள்தோறும் ஐந்து நிமிடமாவது ஒன்றையும் கேட்காமல் ஆண்டவர் முன் அமைதியாய் இருங்கள். கேட்பதற்கு ஒன்றுமில்லாதபோதும் அவரிடம் போகிறோமா என்பதே நம் தேடலின் உரைகல்.

மூன்றாவது, பூசை தொடக்கத்தில் பாவத்தை ஏற்றுக்கொள்ளும் வேளையில் பொதுவாக அல்ல, ஒரு பெயரை, ஒரு முகத்தை, ஒரு செயலை நினையுங்கள். நாம் அடைத்துவைத்திருக்கும் கடப்பு எது என்று அப்போது தெரியவரும்.

குடும்பமாகச் சிந்திக்க:

(அ) நம் வீட்டில் செபம் எப்போது சூடுபிடிக்கிறது? தேவை வரும்போதா, எந்நாளுமா?

(ஆ) "இது வேறு, கோயில் வேறு" என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கும் காரியம் எது?

(இ) யாருடைய கண்ணிற் படாமல் இருப்பதற்காக யார் வெயிலில் நடக்கிறார்கள்? அதற்கு நாம் காரணமா?

அன்பர்களே, தந்தை நம்மைத் தேடுகிறார். இந்த வாரம் நம் வீட்டுக் கிணற்றடியில் அவர் வந்து அமர்ந்திருப்பார். குடத்தோடு வருகிறவர் யாராயிருந்தாலும் வழியை அடைத்துவிடாதிருப்போம்.