பழைய சைக்கிளுக்கு ஏற்ற சீட் பில்லர்

மோட்டார் வண்டிகள் பெருகிவிட்ட இந்நாளிலும், பால் கொண்டு செல்வோரும், வயலுக்கு உரமும் விதையும் ஏற்றிச் செல்வோரும், கீரைக்கட்டு விற்போரும் பழைய சைக்கிளையே நம்பியிருக்கும் ஊர்கள் பல. சக்கரமோ சங்கிலியோ பழுதானால் உடனே கவனிக்கிறோம். ஆசனத்தைத் தாங்கி நிற்கும் இரும்புத் தண்டை, அதாவது கடைக்காரர்கள் சீட் பில்லர் என்று சொல்லும் பாகத்தை, எவரும் பொருட்படுத்துவதில்லை. அது துருவேறி வளைந்தபின், கைக்குக் கிடைத்த வேறொன்றை வாங்கிச் செருகிவிடுகிறோம். அளவு தவறிய பில்லர், நன்றாயிருக்கும் பிரேமையே பாழாக்கிவிடக்கூடும்.

பில்லர் மெலிந்திருந்தால், அது இறங்காதிருக்கும் பொருட்டுப் போல்ட்டை மேன்மேலும் முறுக்குவோம். குழாயின் வாயிலுள்ள இரு காதுகளும் வளைந்து ஒன்றையொன்று தொட்டுவிடும். அதற்குமேல் எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. பில்லர் வாயில் மட்டும் பிடிபட்டு, அதன் அடிமுனை பள்ளம் மேடுதோறும் உள்ளே ஆடும். மேல்குழாயும் நடுக்குழாயும் கூடும் பற்றுவைப்பு அவ்வாட்டத்தில் நாளடைவில் விரிசல் காணலாம். தடித்த பில்லரைச் சுத்தியால் அடித்து இறக்கினாலோ, குழாயின் பிளவு அகன்று போகும். பில்லரின் விலை சிறிது. பிரேமைச் சீர்செய்யும் செலவு அத்தகையதன்று.

பழைய சாதாரணச் சைக்கிள்கள் ஆங்கிலேய முறையில் அங்குலக் கணக்கில் அமைந்தவை. சென்னையை அடுத்த அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனமும் 1949-இல் பர்மிங்காம் கம்பெனி ஒன்றன் கூட்டுறவோடு தோன்றியதே. பழைய ராலே வண்டிகள் பலவற்றில் பில்லரின் குறுக்களவு 1 அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர். சிறுவர் சைக்கிள்கள் சிலவற்றில் முக்காலே அரைக்கால் அங்குலம், அதாவது 22.2 மில்லிமீட்டர். மெல்லிய உயர்தரக் குழாயால் ஆன பந்தய வண்டிகளில் 27.2 வரும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 28.6 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாயின் சுவர் 1.6 மில்லிமீட்டர் தடித்திருந்தால் உள்ளே 25.4 தான் இடமுண்டு. சுவர் 0.6 ஆனால் 27.4 இடமுண்டு, அதில் 27.2 பில்லர் செல்லும். ஆகவே வெளிவிட்டத்தைக் கொண்டு முடிவு செய்யலாகாது. இடைப்பட்ட அளவுகளும் 0.2 மில்லிமீட்டர் இடைவெளியில் கிடைப்பதால், கண் மதிப்பு இங்கே உதவாது.

பழைய பில்லரைக் கடைக்கு எடுத்துச் சென்று காட்டுவதே வழக்கம். அதில் இரு இடர்கள் உண்டு. சாதாரணச் சைக்கிளின் பில்லர் மேல்நுனியில் மெலிந்து கழுத்துப்போல் இருக்கும். ஆசனத்தின் கிளாம்ப் பொருந்தும் அவ்விடம் பெரும்பாலும் 22.2 தான். அதை அளந்து வாங்கினால் ஏமாற்றமே. மற்றொன்று, பழைய பில்லரே முன்னொரு நாள் யாரோ தவறாக மாட்டியதாக இருக்கலாம். காதுகள் ஒட்டியிருந்தாலும், உள்ளே டின் தகடு சுற்றியிருந்தாலும், பில்லரின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தாலும் ஐயுறுக.

குழாயின் உள்விட்டத்தை அளப்பதே நேர்வழி. இதற்கு வேண்டிய வெர்னியர் அளவி மேல்நிலைப்பள்ளி இயற்பியல் கூடத்தில் உண்டு. பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவர் தலைமையாசிரியரிடம் கேட்டு ஏற்பாடு செய்தால், ஊரிலுள்ள பழைய வண்டிகளை ஒரே பிற்பகலில் அளந்துவிடலாம். முதலில் வளைந்த காதுகளை மெதுவாக நிமிர்த்தி, குழாயின் வாயைத் துணியால் துடைத்துத் துருவைப் போக்குக. அளவியின் மேற்புறச் சிறு தாடைகளை உள்ளே வைத்து, முன்பின்னாக ஒருமுறையும் பக்கவாட்டில் ஒருமுறையும் அளந்து பார்க்கவும். இரண்டும் ஒத்திருந்தால் அவ்வளவை நம்பலாம். வேறுபட்டால் வாய் கோணியிருக்கிறது என்று பொருள். 25.5 என்று வந்தால் 25.4 பில்லர் பொருந்தும்.

அளவி கிடைக்காவிடில், கடையிலேயே செருகிப் பார்க்க வேண்டும். சிறிது கிரீஸ் தடவி, போல்ட்டைத் தளர்த்திய நிலையில், கையால் அழுத்தினால் இறங்கும் பில்லர்களுள் மிகப் பெரியது எதுவோ அதுவே சரியான அளவு. போல்ட்டை முறுக்குமுன்னரே அது பக்கவாட்டில் ஆடக்கூடாது. முறுக்கியபின் காதுகளுக்கிடையே சிறிது இடைவெளி எஞ்சியிருக்க வேண்டும்.

தகடு சுற்றியே தீரவேண்டிய நிலை வந்தால், வாயில் மட்டும் ஒரு துண்டு திணிப்பது பயனற்றது. பில்லர் உள்ளே நிற்கும் நீளம் முழுதும் ஒரே சீராகப் பொருந்தும் உறை வேண்டும். பழைய பில்லர் துருவால் இறுகியிருந்தால், விளிம்பில் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் பொறுத்து, ஆசனத்தைப் பிடித்து இருபுறமும் திருகி எடுக்கலாம். சுத்தியை நாடவேண்டாம்.

உயரமானவர்கள் பில்லரை அளவுக்கு மீறித் தூக்கிவிடுவதும் கேடே. குறைந்தது இரண்டரை அங்குலம் குழாய்க்குள் இருத்தல் வேண்டும். பால் கேனோடு செல்லும் வண்டிக்கு அதனினும் கூடுதலாக இருப்பது நன்று. கண்டறிந்த அளவைப் புதுப் பில்லரின் அடிமுனையில் ஆணியால் கீறி வைத்துவிட்டால், அடுத்த முறை வாங்கப் போகிறவர் மீண்டும் அளக்க வேண்டியதில்லை.