எஞ்சின் ஏன் இரைகிறது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

நிற்கும் காரின் எஞ்சின் மெதுவாகச் சுற்ற வேண்டும். பழைய வண்டிகளில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 முதல் 800 சுற்றுகள். பட்டறையில் இதை ‘ஐடிலிங்’ என்பர். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பின்னும் எஞ்சின் இரைந்தால் எங்கோ பிழை இருக்கிறது. அதைத் தேடும் முறையை எனக்குக் கற்பித்தவர், கல்லூரி வாசலை மிதிக்காத என் தந்தையார்.

ஆண்டிமடத்தில் அவர் சிறு பட்டறை வைத்திருக்கிறார். சென்ற கோடை விடுமுறையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருடன் வந்தார். 1961இல் சென்னையில் தயாரிக்கத் தொடங்கிய வண்டி அது. 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்’ என்னும் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தைத் தழுவி அமைந்ததே. ஆகவே இங்கே கூறும் சோதனைகள் பெரும்பாலும் அதற்கும் பொருந்தும். அதற்கு இரட்டைக் கார்ப்ரேட்டர். இரண்டும் ஒரே அளவில் மூடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

அன்று தந்தையார் வெளியூர் சென்றிருந்தார். நான் ஐடிலிங் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன், இரைச்சல் அடங்கியது. மறுநாள் காலை, நோயுற்ற மனைவியுடன் ஆசிரியர் விருத்தாசலம் செல்லும்போது வண்டி வழியில் நின்றுவிட்டது. “காலேஜ்ல படிக்கிற பையனாச்சேன்னு நம்பிக் கொடுத்தேன்” என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது.

தந்தையார் என்னைத் திட்டவில்லை. “நோயைத் தீர்க்கல தம்பி, மறைச்சுட்ட” என்று கூறி, ஸ்க்ரூவைப் பழைய நிலைக்கே திருப்பினார். இரைச்சல் மீண்டது.

முதலில் ஆக்சிலேட்டர், சோக் கம்பிகள் இழுபட்டு நிற்கின்றனவா, ஸ்பிரிங் தளர்ந்துள்ளதா என்று பார்த்தார். குறையில்லை. பிறகு கார்ப்ரேட்டரின் வாயைப் பலகைத் துண்டால் மூடினார். காற்றின்றி எஞ்சின் உடனே அணைய வேண்டும். அது தடுமாறியபடி ஓடியது. வேறு வழியில் காற்று நுழைகிறது என்பது தெளிவாயிற்று.

டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் ரப்பர் குழாயை நெரித்தார், மாற்றமில்லை. இன்னொரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை விசிறியில் படாமல் மேனிபோல்டு ஓரமாக நகர்த்தினார். ஓரிடத்தில் ‘உஸ்’ என்ற ஓசை கேட்டது. அங்கே சில சொட்டுத் தண்ணீர் விட்டதும் எஞ்சினின் ஒலி மாறியது. பேக்கிங் தேய்ந்திருந்தது. இச்சோதனைக்குப் பெட்ரோலைப் பயன்படுத்துவோரும் உண்டு. சூடான எஞ்சினில் அது தீயை அழைப்பதாகும்.

இதன் காரணம் நம் பாடத்திலேயே இருக்கிறது. வெளியே காற்றழுத்தம் 76 செ.மீ. பாதரசம். ஐடிலிங்கில் கார்ப்ரேட்டர் கதவு ஏறக்குறைய மூடியிருக்க, பிஸ்டன்கள் உறிஞ்சுவதால் மேனிபோல்டினுள் அழுத்தம் 30 செ.மீ. அளவுக்கும் இறங்கும். மயிரிழை ஓட்டை போதும், காற்று பாய்ந்து நுழையும். சிறு கசிவு வேகத்தைக் கூட்டலாம். பெரிய கசிவு கலவையில் பெட்ரோலைக் குறைத்து எஞ்சினைத் தடுமாற வைக்கும்.

புதிய பேக்கிங் போட்டு, இக்னிஷன் டைமிங்கும் சரிபார்த்து, கடைசியாகத்தான் ஸ்க்ரூவைத் தொட்டார். ஆசிரியரிடம் கூலி வாங்கவில்லை.

இரவு பாரமானியின் படம் வரைந்து விளக்கினேன். கவனமாகக் கேட்ட தந்தையார், “இது தெரிஞ்சும் ஏன் ஸ்க்ரூவைத் திருப்பின?” என்றார். என்னிடம் விடையில்லை. நண்பர்களே, தேர்வுக்கு மட்டும் படித்தேன் என்பதே அதன் விடை.