பழுதும் பாராயணமும்

சித்திரை வெயிலில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரின் காயில் எரிந்துவிடுகிறது. ஊரிலிருந்து திருப்பதிக்கு வந்த உறவினர்கள் வீடு நிறைய இருக்கிறார்கள். பழுது பார்ப்பவர் 'நாளைக்கு வருகிறேன்' என்கிறார். மறுநாள் மிக்ஸியும் நின்றுவிடுகிறது. நெருங்கிய உறவினரின் மரணத்தைக்கூட அமைதியாகத் தாங்கிய குடும்பத் தலைவர், இப்போது வீட்டாரிடம் எரிந்து விழுகிறார்.

இது விந்தையல்ல. பெருந்துன்பம் வரக்கூடும் என்று மனம் ஓரளவு எதிர்பார்த்திருக்கிறது. குழாயும் விளக்கும் தனக்கு என்றும் ஏவல் செய்யும் என்றே அது நம்பியிருக்கிறது. அந்த நம்பிக்கையில் விழும் அடியே கோபமாக வெளிப்படுகிறது.

இத்தகைய வேளையில் நல்ல நூல் ஒன்றைக் கையில் எடுப்பது பலரது வழக்கம். ஆனால் எதற்காக எடுக்கிறோம்? தொல்லையை மறப்பதற்கு என்றால் நாவலே போதும், அதிலும் தவறில்லை. தொல்லையை நேராகப் பார்க்கக் கற்றுத்தரும் நூல்கள் வேறு வகையைச் சேர்ந்தவை.

2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தரிகொண்டாவில் 18-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர் வெங்கமாம்பா. இளமையிலேயே கணவரை இழந்தவர். திருமலைக்கு வந்த பின்னும், பக்கத்து வீட்டார் எச்சில் இலைகளை வீசித் தொல்லை தந்ததாகச் செவிவழி வரலாறு கூறுகிறது. இன்று திருமலையின் அன்னதானக் கூடம் அவர் பெயரால் விளங்குகிறது. அவர் தெலுங்கில் பாடிய நூல்களுள் ஒன்று 'வாசிஷ்ட ராமாயணம்'. வாழ்க்கை முறிந்துபோன ஒரு பெண், வைராக்கியத்தையும் விசாரத்தையும் பேசும் வசிட்டரின் உபதேசத்தைத் தேர்ந்தெடுத்தது எண்ணத்தக்கது. தமிழில் அதனை வீரை ஆளவந்தாரின் 'ஞானவாசிட்டம்' தருகிறது.

அதில் வரும் சூடாலையின் கதை இல்லறத்தாருக்கு மிகவும் வேண்டியது. அரசி சூடாலை அரண்மனையில் இருந்தபடியே ஞானம் பெற்றாள். அவள் சொல்லை மதியாத அரசன் சிகித்துவசன் நாட்டைத் துறந்து காட்டுக்குச் சென்றான். அவள் ஆட்சிப் பொறுப்பை ஏற்று நடத்தினாள். பல ஆண்டுகளுக்குப் பின் கும்பன் என்னும் அந்தண இளைஞனின் வடிவில் கணவனிடம் சென்று, 'நீ இன்னும் முழுவதும் துறக்கவில்லை' என்றாள். அரசன் குடிசைக்குத் தீயிட்டான். தண்டம், மான்தோல், ஜபமாலை அனைத்தையும் நெருப்பில் எறிந்தான். எஞ்சியது உடல்தான் என்று அதையும் மாய்க்கத் துணிந்தான். கும்பன் தடுத்தான். உடல் என்ன பிழை செய்தது? 'நான், எனது' என்று பற்றும் மனமல்லவா துறக்கப்பட வேண்டியது?

பொருளை எரிப்பதால் பற்று எரிவதில்லை. அப்படியானால் பொருள் தானே பழுதாகும்போது மட்டும் பற்று குறைந்துவிடுமா? அதுவும் இல்லை, பெரும்பாலும் கூடுகிறது. எரிந்த மோட்டாரைப் பற்றி, அது ஓடிய காலத்தில் ஒருநாளும் நினைக்காத அளவுக்கு நினைக்கிறோம். அந்த நினைப்பைக் கவனிப்பதே படிப்பின் தொடக்கம். பழுது பார்ப்பவரை அழைக்காமல் இருப்பதற்கு இந்தக் கதையைச் சான்றாகக் காட்ட இயலாது. சூடாலை நாட்டுக் காரியம் எதையும் நிறுத்தி வைக்கவில்லை.

2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதித் தெருக்கள் ஆறுகளாயின. ராயலசெருவு ஏரிக்கரை கசிந்ததால் தாழ்வான கிராமத்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். அப்படிப்பட்ட இரவில், சேறு படிந்த வீட்டில் நிற்பவருக்குத் தத்துவம் சொல்வது கொடுமை. அவருக்கு முதலில் உலர்ந்த துணியும் சூடான உணவும் வேண்டும். நூல் பிறகு வரலாம். அந்த நாளுக்கு மனம் பழகுவது, மின்சாரம் நின்ற சாதாரண மாலைகளில். விளக்கு வரும்வரை அகல் ஏற்றி, வீட்டில் ஒருவர் இரண்டு பக்கம் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்கலாம்.

சிகித்துவசன் முடிவில் காட்டிலேயே தங்கிவிடவில்லை. சூடாலையுடன் திரும்பி வந்து நெடுங்காலம் அரசாண்டான். அந்த அரண்மனையிலும் கூரை ஒழுகியிருக்கும்; நூல் அதைச் சொல்லவில்லை.