அடைபட்ட நீர்முனை

(உரைநடைப் பாடம்)

நாக்பூர், குவாலியர், ஆக்ரா போன்ற நகரங்களின் புறவழிச் சாலைகளில் 'டி.என். 28' என்னும் பதிவெண் தாங்கிய லாரிகளைக் காணலாம். அவை நாமக்கல் வட்டாரத்து வண்டிகள். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளால் பெயர்பெற்றது அவ்வூர். ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அவ்வூர் வழியாகவே செல்கிறது.

அத்தகைய லாரி ஒன்று சேலத்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வடக்கு நோக்கிச் சென்றது. 15 ஆண்டுகள் உழைத்த வண்டி அது. நாக்பூரைக் கடந்தபின், மாலைப்பொழுதில் சிறு தூறல் விழுந்து நின்றது. பெருமழையைவிடத் தூறலே ஓட்டுநர்க்கு மிகுந்த தொல்லை தருவது. பெருமழை கண்ணாடியைக் கழுவிவிடும். தூறலோ சாலைப் புழுதியைச் சேறாக்கும். முன்செல்லும் வண்டிகளின் சக்கரங்கள் அச்சேற்றை வாரி இறைக்கும்.

முகப்புக் கண்ணாடியில் சேறு படிந்தது. ஓட்டுநர் நீர் தெளிக்கும் விசையை அழுத்தினார். நீர் வரவில்லை. துடைப்பான் மட்டும் இருமுறை அசைந்து, சேற்றைப் பிறைவடிவில் கண்ணாடியெங்கும் பூசியது. எதிரே வந்த வண்டியின் விளக்கொளி அதன்மீது பட்டுச் சிதறியது; சாலையே மறைந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போன்ற நிலை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். மூன்று நொடிகள் வழி தெரியாவிட்டால் 50 மீட்டர் தொலைவைப் பாராமலே கடந்ததாகும். அத்தொலைவுக்குள் ஒரு மாடு நிற்கலாம். விளக்கில்லாத மிதிவண்டியில் ஒருவர் வரலாம். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, பக்கச் சாளரத்தின் வழியே தலையை நீட்டிப் பார்த்தவாறே, அருகிலிருந்த தாபாவின் முற்றத்தில் வண்டியை நிறுத்தினார்.

கிளீனராகப் பணிபுரிந்த இளைஞர் உடனே ஓர் ஊசியைத் தேடி எடுத்தார்.

"ஊசியை வை, தம்பி. முதலில் காதுகொடுத்துக் கேள்" என்றார் ஓட்டுநர். மீண்டும் விசையை அழுத்தினார்.

"மோட்டார் ஓடும் ஒலி கேட்கிறது, அண்ணா."

"அப்படியென்றால் மின்சாரத்தில் பழுதில்லை. நீர் எங்கே நின்றுபோகிறது என்று பார்ப்போம்."

நீர் தெளிக்கும் அமைப்பு எளியது. நீர்த்தொட்டி, அதனோடு இணைந்த சிறு மோட்டார், அங்கிருந்து மேலே செல்லும் ரப்பர்க் குழாய், குழாயின் முடிவில் நுண்துளையுடைய முனை என்பனவே அதன் உறுப்புகள். அம்முனையைப் பட்டறைகளில் 'நாசில்' என்பர். நீர் வெளியேறும் வாய்க்கு மடை, மதகு, தூம்பு எனத் தமிழில் பல பெயர்கள் உண்டு. ஆயினும் மெக்கானிக்கிடம் சென்று தூம்பு அடைத்துக்கொண்டது என்றால் அவர் வேறெதையோ நினைத்துக்கொள்வார். விசையை அழுத்தியும் மோட்டார் ஒலிக்காவிட்டால் ப்யூஸ், மின்கம்பி, மோட்டார் ஆகியவற்றை ஆராய வேண்டும். ஒலி கேட்டும் நீர் வராவிட்டால் தொட்டி வற்றியிருக்கலாம். குழாய் மடங்கியோ கழன்றோ வெடித்தோ இருக்கலாம். அல்லது முனை அடைபட்டிருக்கலாம்.

தொட்டியில் பாதியளவு நீர் இருந்தது. இளைஞர் முன்பக்கத் தகட்டைத் திறந்து, குழாயைக் கையால் தடவிக்கொண்டே சென்றார். மடிப்போ விரிசலோ தென்படவில்லை. பின்னர், முனையின் அடியில் குழாயைக் கழற்றிப் பிடித்துக்கொண்டார். ஓட்டுநர் விசையை அழுத்தியதும் நீர் பீய்ச்சியடித்து இளைஞரின் சட்டையை நனைத்தது. இருவரும் சிரித்தனர். குழாய்வரை நீர் வருகிறது. ஆதலால் அடைப்பு முனையில்தான் என்பது உறுதியாயிற்று.

இரண்டு முனைகளிலும் வெண்ணிறப் பொருக்கு படிந்திருந்தது. வழியெங்கும் அடிகுழாய்களிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் பிடித்த உவர்நீரின் விளைவு அது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் படியும் அதே சுண்ணாம்பு உப்புதான், துளையிலும் துளித்துளியாக உலர்ந்து இறுகியிருந்தது. இத்தகைய பொருக்கை ஊசியால் மட்டும் குத்தினால் துகள்கள் உள்ளே விழும். அடுத்த முறை நீர் வரும்போது அவையே மீண்டும் வந்து அடைக்கும். தடித்த எஃகு ஊசி துளையை அகலமாக்கியும் விடும். அகன்ற துளையிலிருந்து நீர் பீய்ச்சாது, வழிந்தோடும்.

பழைய பிளாஸ்டிக் எளிதில் நொறுங்கும் என்பதால், ஓட்டுநர் முனைகளை மெல்ல அழுத்திக் கழற்றினார். தாபாவில் வெங்காயம் ஊறவைக்கும் சிர்க்கா, அதாவது வினிகர், ஒரு குவளை கிடைத்தது. அதனை இளஞ்சூடாக்கி முனைகளை அதில் இட்டனர். சற்று நேரத்தில் நுண்ணிய குமிழிகள் எழுந்தன. கால்சியம் கார்பனேட்டோடு அமிலம் வினைபுரியும்போது கார்பன் டைஆக்சைடு வெளிப்படும் என்று அறிவியல் பாடத்தில் படிப்பது இதுவே. இருவரும் ரொட்டியும் பருப்பும் உண்டு முடிப்பதற்குள் பொருக்கு நெகிழ்ந்துவிட்டது. ஓட்டுநர் மின்கம்பியிலிருந்து மெல்லிய செம்பிழை ஒன்றைப் பிரித்தெடுத்து, வெளித்துளை வழியாக நுழைத்து, துகள்களைப் பின்புறமாகத் தள்ளினார். செம்பு மென்மையானது, துளையைச் சிதைக்காது. பின்பு முனைகளை நன்னீரில் அலசினார்.

தொட்டியைக் கவிழ்த்தபோது அடியிலிருந்த பாசியும் வண்டலும் வெளிவந்தன. அவற்றை அகற்றாமல் முனையை மட்டும் துப்புரவு செய்வது வீண்வேலை. இளைஞர் தொட்டியைக் கழுவி, தாபாவில் வாங்கிய சுத்திகரித்த நீரைத் துணியில் வடிகட்டி ஊற்றினார். சிறிது சோப்புத்தூள் கலக்கலாமா என்று அவர் கேட்டார். உலர்ந்தால் அதுவும் துளையை அடைக்கும் என்று ஓட்டுநர் தடுத்தார். இதே வண்டி குளிர்காலத்தில் காஷ்மீர் செல்லுமாயின் வெறும் நீர் பயன்படாது. 0 டிகிரி செல்சியசில் நீர் உறைந்து விரியும். தொட்டியும் குழாயும் வெடிக்கக்கூடும். அங்கே உறையாத் திரவத்தையே ஊற்ற வேண்டும்.

முனைகளைப் பொருத்தி விசையை அழுத்தினர். இரண்டு தாரைகள் எழுந்தன. ஆனால் ஒன்று கூரையைத் தாண்டிச் சென்றது. முனையிலுள்ள சிறு குண்டைச் செம்பிழையால் அசைத்து, கண்ணாடியின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே தாரை விழுமாறு ஓட்டுநர் திருப்பினார். வண்டி விரையும்போது எதிர்காற்று தாரையைக் கீழே தள்ளும் என்பதால் அவ்வாறு அமைத்தார். சேறு கரைந்து வழிந்தது.

தெளிந்த கண்ணாடியில் பிறைபோல் வளைந்த மெல்லிய கீறல்கள் சில தெரிந்தன. நீரின்றித் துடைப்பான் புழுதியைத் தேய்த்தபோது விழுந்தவை அவை. அவற்றைப் போக்கச் சிர்க்காவால் இயலாது. துடைப்பானின் ரப்பரில் சிக்கியிருந்த மணலை ஈரத்துணியால் துடைத்தபின், இருவரும் வண்டியில் ஏறினர்.

சொற்பொருள்

பொருக்கு – காய்ந்து இறுகிய படிவு
வண்டல் – நீரின் அடியில் தங்கும் சேறு
தாரை – தொடர்ந்து பாயும் நீர்
தூம்பு – நீர் வெளியேறும் துளை

பயிற்சி

1. பிரித்து எழுதுக: நெடுஞ்சாலை, செம்பிழை, வெந்நீர்.
2. 'கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல' என்னும் தொடரைச் சொந்த வாக்கியத்தில் அமைக்க.
3. அடைப்பு முனையில்தான் உள்ளது என்பதை இருவரும் எவ்வாறு உறுதிசெய்தனர்?
4. ஓட்டுநர் எஃகு ஊசியை விடுத்துச் செம்பிழையைப் பயன்படுத்தியது ஏன்?
5. உங்கள் வீட்டுக் குழாயிலோ பூவாளியிலோ நீர் சரிவர வராவிட்டால், அடைப்பு எங்குள்ளது என்று எவ்வாறு கண்டறிவீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.